ஐந்தாவது ஆள்

ஸெலிபாவுக்கு முப்பத்தாறு வயது. அதில் ஆறு வருடம் லுவாங்வா காட்டுச் சுற்றுலா நடைப்பயணங்களில் வரிசையின் கடைசி ஆளாகவே போய்விட்டது. முன்னால் துப்பாக்கிக் காவலர், அடுத்து வழிகாட்டி, பிறகு விருந்தாளிகள், கடைக்கோடியில் தேநீர்ப் பை. பை சுமப்பவருக்கு வாய் கிடையாது, பின்பக்கம் பார்க்கக் கண் மட்டும் உண்டு. எழுத்துத் தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்டு, நாலாம் முறை தேறி, இன்று நடைத்தேர்வுக்கு வந்து நிற்கிறாள். தேறினால் வழிகாட்டி. இல்லையென்றால் மறுபடியும் பைதான்.

இன்று பையைத் தூக்கியவர் முகாம் சமையல்காரர் ஃபாக்சன். கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"கைடம்மா, சக்கரை ஒண்ணா ரெண்டா? பெரிய மனுசங்ககிட்ட கேட்டுத்தான போடணும்!"

"பேசாம நடங்கண்ணே. கேக்கு நொறுங்கிடப் போகுது."

முன்னால் காவலர் லேபன் போனார். ஸெலிபாவுக்குப் பின்னாலேயே தேர்வாளர் முவாலே குறிப்பேட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நாலு விருந்தாளிகள், கடைசியில் ஃபாக்சன். அவளுக்குக் கழுத்துதான் எதிரி. ஆறு வருடப் பழக்கம், பத்தடிக்கு ஒருமுறை தானாகப் பின்னால் திரும்பியது.

"எதிர்ல யானை வந்தா பின்மண்டையாலயா பாப்ப?" என்று முவாலே எதையோ குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே பார்த்து நடந்தாள்.

வறண்ட ஓடையைத் தாண்டியதும் புல் மார்பளவு உயர்ந்து நின்றது. காற்று எதிரிலிருந்து வீசியது. அப்போது பின்னால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. விலங்குகளின் முதுகில் உண்ணி பொறுக்கும் குருவிகள் கூட்டமாகக் கிளம்பின. அவள் கழுத்து தானாகத் திரும்பியது. புல்லுக்குள் ஒரு ககூலி படுத்திருக்கிறது, கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கிழட்டுக் காட்டெருமை. அது இருப்பது தெரியாமலேயே வரிசை தாண்டி வந்துவிட்டது. இப்போதுதான் அதன் மூக்குக்கு மனித வாடை எட்டியிருக்கிறது. யானை மிரட்டிப் பார்க்கும், ககூலி மிரட்டாது, நேராக வந்து குத்திவிடும்.

விரலைச் சொடுக்கினாள். லேபன் திரும்பினார். நாலு விருந்தாளிகளையும் ஆளுயரக் கறையான் புற்றுக்குப் பின்னால் தள்ளினாள். லேபன் அவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு நின்றார்.

ஃபாக்சன் இன்னும் வந்து சேரவில்லை. இருபதடி தள்ளிக் குனிந்து பை வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புல் அசைந்தது. லேபனால் சுட முடியவில்லை, குறிக்கு நேராக ஃபாக்சன் இருந்தார்.

"நில்லு! உன் இடம் இங்க," என்றார் முவாலே.

அவள் போனாள். ஓடவில்லை, ஓடினால் எல்லாம் முடிந்துவிடும்.

"அண்ணே, பையைக் கழட்டுங்க. மெதுவா என் பக்கம் வாங்க."

"உள்ள கேக்கு..."

"கேக்கு கெடக்கட்டும்!"

பையை அவர் தோளிலிருந்து உருவிப் போட்டாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பக்கத்து மரத்துக்குப் பின்னால் அவரோடு சேர்ந்து விழுந்தாள். புல்லைக் கிழித்துக்கொண்டு ககூலி வந்தது. கொம்பில் பை மாட்டிக் கிழிந்தது, பிளாஸ்க் நொறுங்கியது. அதே வேகத்தில் ஓடைக்குள் இறங்கி மறைந்தது. லேபன் சுடாமலேயே துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

முவாலே எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"விருந்தாளிங்கள விட்டுட்டுப் போயிட்ட."

"லேபன் கூட இருந்தாரு, சார்."

"வழிகாட்டி எடத்த விட்டு நகரக் கூடாது. உன் பொறுப்புல இருந்தது நாலு உசுரு."

"அஞ்சு, சார்."

"தாள்ல நாலுன்னுதான் இருக்கு."

"ஆறு வருசமா அந்த அஞ்சாவது ஆளு நான்தான் சார். தாள நீங்களே வெச்சுக்கங்க."

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விதியைச் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒருநாளும் பை சுமந்திருக்க மாட்டான். விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஸெலிபா வாய்விட்டு அழுதாள்.

ஃபாக்சன் அவள் முன்னால் வந்து முழங்காலிட்டார். உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார். குலத்தலைவர் முன்னால்தான் அந்த ஊரில் அப்படித் தட்டுவார்கள்.

"எந்திரிங்கண்ணே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்," என்றார் அவர். எழவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார்.