எந்த ஷாஃப்ட்டு?

இன்று பெங்களூரு சிக்னலில் அரை மணி நேரம் பஸ் புகை. எனக்கோ அலர்ஜி ஆஸ்துமா. ஊர் திரும்பும் ரயில் பங்காருபேட்டை தாண்டியும் நெஞ்சில் விசில் அடங்கவில்லை. இன்ஹேலரை எடுத்தேன்.

எதிர் சீட்டுப் பெரியவர் கேட்டார்: "இன்னா நைனா, எந்த ஷாஃப்ட்டு?"

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் மூச்சு வாங்குகிறவரிடம் முன்பெல்லாம் கேட்கும் முதல் கேள்வி இது; எந்தச் சுரங்கக் குழியில் கல்தூசி குடித்தாய் என்று அர்த்தம். சுரங்கம் மூடிய பின் இன்றுதான் காதில் விழுந்தது. அந்தச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, வாசலில் நின்று மூச்சை நிரப்பிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

"ஷாஃப்ட்டு இல்லீங்க, பெங்களூரு டிராஃபிக்கு."

பெரியவர் யோசித்தார். "ஷிப்ட்டு முடிஞ்சா நாங்க கேஜ் லிஃப்ட்ல ஏறி மேல நல்ல காத்துக்கு வந்துருவோம். நீங்க மேலயே கீறீங்க. எங்க ஏறுவீங்க?"

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். எங்களுக்கான கேஜ் எங்கே நிற்கிறது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.