எதுகை வராத வரி

என் சித்திக்குத் திக்குவாய். அம்மாவின் தங்கை அவள். தாத்தா இறந்தபின் தி.நகரில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் அவள் கழுத்து நரம்பு புடைக்கும். கேட்பவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சங்கடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று, தலையசைப்பிலேயே காலம் தள்ளப் பழகியிருந்தாள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாலை, பள்ளியில் ஒப்பிக்க வேண்டிய செய்யுளைக் கூடத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மறந்துபோய் நின்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்தி அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள். முறத்தின் தாளத்துக்கு ஏற்ப வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசிவரை எங்கும் மாட்டவில்லை.

"சித்தி, உங்களுக்குத் திக்கவே இல்லையே!"

முறம் நின்றது. "ஆ... ஆ... ஆமா" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

நான் கவிஞரானது அப்படித்தான். வரிகளின் இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால் அது எதுகை என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். உலகத்தில் கவிதைக்கு வேறெதுவும் தேவையில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். சித்தியின் அன்றாடத் தேவைகளுக்கெல்லாம் பாட்டுக் கட்டினேன். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் அதுவரை விரலை நீட்டியே வாங்கியவள், ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்:

"கூடையில் என்ன, கொடுவா மீனா?
வாடையைப் பார்த்தால் வஞ்சிர மீனா?"

மீன்காரம்மா கூடையை இறக்க மறந்து நின்றார். "இன்னாம்மா இது, பாட்டு பாடிக்கினு மீன் கேக்கறே! இத்தினி நாளா வாய மூடிக்கினு இருந்தியே!"

அன்று முழுவதும் சித்தி வீட்டுக்குள் வளையவந்தபடி அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் ஆழ்வார்பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பாடினால் போதும், பேச வேண்டாம் என்பது அப்பாவின் ஏற்பாடு. சித்தி பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். மாப்பிள்ளையும் மரியாதையானவர்தான். "ரொம்ப நல்லாப் பாடுறீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்று அப்பா முந்திக்கொண்டார்.

ஆனால் சித்தி நிமிர்ந்து பார்த்தாள். அவளை யாரும் அப்படிக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"எ... எ... எங்க..."

கதவோரம் நின்றிருந்த நான் அவசரமாக எதுகை தேடினேன். எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அம்மா புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். "எங்க அப்பா" என்று சித்தி சொல்லி முடித்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார்.

"போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார். எல்லோரும் வாசல்வரை போனார்கள்.

கொல்லைக் குழாயடியில் சித்தி காப்பி டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே, தணிந்த குரலில் சொன்னாள்:

"பாட்டைக் கேட்டாங்க, நல்லாக் கேட்டாங்க.
பேச வந்தேன், எந்திரிச்சாங்க."

ஓர் எழுத்தும் மாட்டவில்லை. நான் கட்டிக் கொடுக்காமல் அவளாகவே சொன்ன வரிகள் அவை. எனக்கு உடனே அதில் குறை தெரிந்தது.

"எதுகை வரலையே, சித்தி. 'பாட்டை'க்கு 'பேச' எப்படிச் சேரும்? 'கேட்டைத் திறந்து போயிட்டாங்க'ன்னு வைங்க, கச்சிதமா வரும்."

சித்தி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ச... சரி" என்றாள்.

திருத்திய வரியை நான் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு சித்தி சொந்தமாக ஒரு வரியும் சொல்லவில்லை. என் திருத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, இனி பாட்டு விஷயத்தை முழுக்க என்னிடமே விட்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.