மேஸ்திரியிடம் நான் மாற்றிச் சொன்னது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள், ஷார்ஜாவில் பழைய வீடுகளைச் செப்பனிடும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். பவளப்பாறைக் கல்லால் கட்டிய வீடுகள் அவை. அவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல நார்வேயிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். கலை வரலாறு படித்துவிட்டு, மரத் தேவாலயங்களின் கூரை ஓவியங்களை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். பிறகு, எந்தப் பழைய கட்டடத்தை இடிக்கலாம், எதைக் காக்கவேண்டும் என்று முடிவு செய்யும் அரசு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை அதிகாரி. டீ குடிக்கும்போது அவரே சொன்னவை இவை. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஆங்கிலத்தை ஆட்களுக்குத் தமிழிலும் இந்தியிலும் சொல்வதும் என் வேலை.

ஒருநாள் மாடி அறையில் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தபோது பூச்சு ஒரு பாளமாக உரிந்து விழுந்தது. அடியில் இருந்த பழைய பூச்சில் ஏதோ கீறல்கள். மேஸ்திரி அரியலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். வேறு ஆளாக இருந்தால் மேற்கொண்டு கொத்தியிருப்பார். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேடம் வந்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். மூன்று பாய்மரக் கப்பல்கள். எப்போதோ யாரோ ஆணியால் கீறியவை. ஒன்றின் பாய் பாதியில் நின்றிருந்தது.

"இதை யாரும் தொடவேண்டாம். நான் ஓமனில் சோஹார் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து நகல் எடுக்கிறேன். ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்று நம்பர் எழுதிக் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கம்பெனி எஞ்சினியர் வந்தார். மேலிடத்திலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். "மாடி ரூம் இன்னும் இப்படியா கிடக்கு? பூசு. யல்லா, சீக்கிரம்" என்றார். மேடம் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். "விசா ரின்யூவல் உனக்கு அடுத்த மாசம்தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நம்பர் பையிலேயே இருந்தது. நான் கூப்பிடவில்லை.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்தால்தான் புதியது பிடிக்கும். மேஸ்திரி தயங்கினார்.

"அந்தம்மா தொடக்கூடாதுன்னாங்களேண்ணே."

"நான் சொல்றேன்ல. கொத்து."

கொத்தினார். கப்பல்கள் தூளாகித் தரையில் விழுந்தன. நான் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன்.

மேடம் திரும்பி வந்து அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். மேஸ்திரி கரணையோடு பக்கத்தில் இருந்தார். என்ன நடந்தது என்று மேடம் கேட்டார்.

"மேஸ்திரி தப்பாகப் புரிந்துகொண்டார் மேடம். மொழிப் பிரச்சினை" என்றேன். முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி வந்தது.

அவர் மேஸ்திரியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "எனக்குக் கோபமில்லை என்று இவரிடம் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள் என்று ஒரு மர வீட்டை இடிக்கக் கையெழுத்துப் போட்டேன். இடிக்கும்போதுதான் சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு அடியில் ஓவியங்கள் இருந்தது தெரிந்தது. இவர் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்."

நான் மேஸ்திரியிடம் திரும்பினேன். "பூச்சு நல்லா வந்திருக்காம்" என்றேன்.

அவர் மேடம் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்துத் தலையாட்டினார். மேடம் அவருடைய சுண்ணாம்புக் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மேடத்தின் அறிக்கையில் அது மேஸ்திரியின் கைத்தவறு என்று பதிவானது. அடுத்த வாரமே கம்பெனி அவரைப் பழைய வீட்டு வேலையிலிருந்து எடுத்து, தொழில்பேட்டையில் குடோன் கட்டும் சைட்டுக்கு அனுப்பியது. மேடமும் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மேஸ்திரி தங்கியிருந்த லேபர் கேம்ப்புக்குப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்ணே. அந்தம்மா மூஞ்சி நல்லா வந்திருக்குன்னு சொல்ற மூஞ்சியா?"

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"நீங்க வெலவெலத்துப்போய் நின்னீங்க. நானும் எதாச்சும் கேட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பீங்க." சட்டையைப் பிழிந்தார். "என்கிட்ட சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அன்றே மேடத்துக்கு மெயில் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டதாகவும், கொத்தச் சொன்னது சூப்பர்வைசரான நான்தான் என்று அதில் எழுதியிருப்பதாகவும் சொல்லியிருந்தார். "அவர்மீது எனக்குக் கோபம் இருக்கவில்லை. உங்கள்மீது இருக்கிறது. இதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடம் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

மேஸ்திரிக்கு போன் செய்து அப்படியே சொன்னேன்.

"சரிண்ணே. டியூட்டிக்கு வண்டி வந்துருச்சு" என்று வைத்துவிட்டார்.

என் விசா அதற்கு முன்பே ரின்யூ ஆகியிருந்தது. திருத்திய அறிக்கையைப் பற்றிக் கம்பெனியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்னும் நாலு வருடம் அதே கம்பெனியில் இருந்தேன். மேஸ்திரியைத் திரும்பப் பழைய வீட்டு வேலைக்குக் கேட்டு வாங்க எனக்கு வழி இருந்தது. எஞ்சினியரிடம் ஒருமுறைகூட நான் வாய் திறக்கவில்லை.