என் பெயரில் ஆடுகிறவன்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். ரங்கத் பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன் நான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, ஃபோனை நம்பாதே, அது தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு நாம் பேசுவதையெல்லாம் கேட்கிறது என்று இலவசமாக உபதேசம் செய்கிறவன். அப்படிப்பட்ட நான், போன ஐப்பசியில், ஒரு லூடோ விளையாட்டின் பாஸ்வேர்டை நாலைந்து முறை மாற்றினேன். என் பெயருக்குப் பின்னால், என் புகைப்படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எவனோ ஒருவன் என் மனைவியோடு லூடோ ஆடுகிறான் என்று சந்தேகப்பட்டேன். பக்கத்துக் கடைக்காரரிடம் போய் விசாரணையும் வைத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தேகம் பொய்யில்லை. ஒருவன் ஆடத்தான் செய்தான்.

ஊரில் இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இங்கே, கடல் தாண்டி ஒரு தீவில், ரங்கத்தில். என் மனைவி கவிதாவும் மகளும் அருப்புக்கோட்டையில். எங்கள் ஆட்டம் மாலை ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் இங்கே நன்றாக இருட்டி, கடையில் டியூப்லைட் போட்டு, அதைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருக்கும். வீடியோவில் கவிதா வந்தால் அவள் பின்னால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் கடிகாரத்திலும் ஒரே மணிதான். சர்க்கார் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தைத்தான் கொடுத்திருக்கிறது; சூரியனுக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை. வந்த புதிதில் நான் என் ஃபோனைத்தான் சந்தேகப்பட்டேன். மணி தப்பாகக் காட்டுகிறது என்று, கப்பல் வந்து இறங்கிய ஊரின் அபர்டீன் பஜாரில் ஒரு கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் ஃபோனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "மெயின்லேண்ட் ஸே நயா ஆயா க்யா?" என்றார். மெயின்லேண்டிலிருந்து, அதாவது ஊர்ப்பக்கமிருந்து, புதிதாக வந்தவனா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அப்போது ஹிந்தி தெரியாது. ஏதோ ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்கிறார் என நினைத்து, "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று தமிழில் பேரம் பேசினேன்.

அன்றிலிருந்தே எனக்கு இந்தச் சாதனங்கள் மேல் நம்பிக்கையில்லை. அவற்றை விற்றே பிழைக்கிறேன் என்பது வேறு விஷயம். இந்தத் தீவில் விளம்பரம் வரும், பொருள் வராது. நான் கடையில் உட்கார்ந்து மிக்ஸி ஜாரைப் பற்றி வாய்விட்டுச் சொன்னால் போதும், மறுநாள் ஃபோன் முழுக்க மிக்ஸி ஜாராக அணிவகுக்கும். ஆசையாகத் தொட்டால், 'உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது' என்று பதில். நான் பேசுவதை ஒட்டுக்கேட்கத் தெரிந்தவனுக்கு, நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பது மட்டும் தெரியாதா? பேங்க்காரன் அனுப்புகிற ஓடிபி கதை இன்னும் விசேஷம். அது எந்தக் கப்பலில் ஏறி வருகிறதோ, காலாவதியாகிப் பத்து நிமிஷம் கழித்துக் கடமை தவறாமல் வந்து சேரும். அதனால் நாங்கள் எல்லாம் பழைய வழிதான். மனைவி முகவரிக்கு ஆர்டர் போடுவது, சென்னையிலிருந்து யார் வருகிறார்கள் என்று விசாரிப்பது, அவர் பையில் நம் ஜாரையும் திணிப்பது. பொருள் கெட்டுப்போனால் அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டும். என் வாடிக்கைக்காரர் மண்டல் தாதா, வங்காளி விவசாயி, எதை வாங்கினாலும் வாரண்டி இருக்கிறதா என்று கேட்பார். நான் ஒருநாள் அலுத்துப்போய், "ஹை தாதா, வாரண்டி ஹை. லேகின் மெயின்லேண்ட் மே ஹை" என்றேன், வாரண்டி இருக்கிறது, ஆனால் அது மெயின்லேண்டில் என்று. அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான பதில்தான் என்பதுபோலத் தலையாட்டி, "ஸப் குச் உதர் ஹீ ஹை" என்று சொல்லி சார்ஜரை வாங்கிப் போனார். எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்றார். என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

கவிதாவை இங்கே கூட்டிவர வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி எடுக்கிறாள். எல்லாம் ஆன்லைனில். மாலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கினால் எட்டு வரை போகும். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு தொடங்கியவளுக்கு இன்று நல்ல பெயர். அதை அவள் யாருக்காகவும் விட மாட்டாள், எனக்காகவும்கூட. "அங்க நெட் நிக்குமா? நின்னா அடுத்த கப்பல்ல வர்றேன். நிக்கலைன்னா ரெண்டே வாரத்துல பிள்ளைங்க வேற டீச்சரைப் பாத்துப் போயிருவாங்க" என்றாள். அவ்வளவுதான் நிபந்தனை. மகள் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி மாற்றுவதென்றால் அப்போதுதான், இல்லையென்றால் இன்னும் சில வருஷம் நான் தண்ணீர்த் தொட்டியின் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே நான் சொன்னேன்: "கடலுக்கு அடியில கேபிளே போட்டாச்சு, இங்க நெட்டு பறக்குது." கேபிள் போட்டது உண்மை. பெரும்பாலான நாள் நன்றாக இருப்பதும் உண்மை. பெரிய மழை பிடித்தாலோ, மின்சாரம் போய் டவர் மயங்கினாலோ அது கண்ணிலேயே படாது என்பதை மட்டும் சொல்லவில்லை. வியாபாரி எல்லாவற்றையும் சொல்வானா?

அந்தச் சமயத்தில்தான் கவிதா, "தினம் கிளாஸுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் லூடோ ஆடுவமா?" என்று கேட்டாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இப்படி எதற்கும் அழைத்ததில்லை. கூலிங் கிளாஸ் போட்ட என் படம் ஒன்றை ஏற்றி, சிவப்புக் காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மனம் குளிர வேண்டுமே என்று வெட்ட வாய்ப்புக் கிடைத்தாலும் அவள் காயை வெட்ட மாட்டேன். வேறு காயை நகர்த்தித் தோற்பேன். மாதக்கணக்கில் இப்படித் தியாகியாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் ஆட்டம் பாதியில் நெட் போய், எட்டு மணிக்கு மேல்தான் வந்தது. போன் போட்டேன். "கடையில திடீர்னு கூட்டம், ஃபோனை வச்சிட்டுப் போயிட்டேன்" என்றேன். வழக்கமாக இதைத்தான் சொல்வேன். கவிதா சாவகாசமாக, "அப்படியா? ஆனா ஆட்டம் முடிஞ்சுதே. நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள்.

"நானா?"

"என் காயை ரெண்டு தடவை வெட்டுனீங்க. பரவாயில்ல, இப்பத்தான் ஆம்பளை ஆடுற மாதிரி இருக்கு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவியின் காயை நானே வெட்டியதில்லை, எவன் வெட்டினான்? மறுநாளே பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. "இன்னைக்கும் சூப்பரா ஆடுனீங்க. கடையில கூட்டம் இருந்தாத்தான் உங்களுக்கு நல்லா வருது" என்றாள். அதில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தா, என் பெயரில் ஆடுகிறவனைப் பார்த்தா என்று தெரியவில்லை.

என் பழைய பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் பக்கத்துத் துணிக்கடை ஜமால் பாய். கீழக்கரைக்காரர். தமிழ் ஆள் என்ற பாசத்தில் ஒருமுறை அவரிடம் ஃபோனைக் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து ஆறு என்று சொல்லியிருந்தேன். மேலே சொன்ன உபதேசம் நினைவிருக்கட்டும். சுற்றி வளைத்து, "பாய், நீங்க லூடோ ஆடுவீங்களா?" என்று ஆரம்பித்தேன். அவர் மடித்துக்கொண்டிருந்த கைலியைக் கீழே வைத்தார்.

"என்னா சரவணா, க்யா பாத் ஹை? நேராக் கேளு."

நேராகக் கேட்டேன்.

"அட கிறுக்கா, உன் சம்சாரத்தோட நான் எதுக்கு லூடோ ஆடப்போறேன்? என் சம்சாரத்தோடயே நான் ஆடுறதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "மழை அன்னிக்கு மட்டுமா ஆடுறான்? அவன் நல்ல திருடன்தான். சரி, என்னையும் ஆட்டத்துல சேர்த்துக்க. நீ நெட்டை அணைச்சிட்டு என் ஃபோன்ல பாரு. எவன்னு தெரிஞ்சிரும். டென்ஷன் மத் லே" என்றார். பாயின் சிம் வேறு கம்பெனி. என் நெட் போகிற நேரத்தில் அவருக்கு இருக்கும், அவருக்குப் போகிற நேரத்தில் எனக்கு இருக்கும். "ரெண்டு கம்பெனியும் ஒரே நேரத்துல சாகுறதில்ல" என்பது அவர் கண்டுபிடிப்பு. கடையில் இரண்டு கம்பெனி சிம்மும் விற்கிற எனக்கு அது தெரியாமலில்லை. எனக்கென்று வரும்போது யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு பொட்டு மழையில்லை. ஜமால் பாயும் ஆட வருகிறார் என்று கவிதாவிடம் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினோம். இரண்டு சுற்று முடிந்ததும் என் ஃபோனின் நெட்டை அணைத்துக் கல்லாவில் போட்டுவிட்டு, பாயின் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். திரையில் என் படம் இருந்தது. என் முறை வந்தது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூலிங் கிளாஸ் போட்ட என் முகத்தின் மேல் சின்னதாக ஒரு ரோபோ தலை வந்து உட்கார்ந்தது. பகடை தானாக உருண்டது. என் சிவப்புக் காய் என்னைக் கேட்காமல் புறப்பட்டுப் போய்க் கவிதாவின் பச்சைக் காயை வெட்டியது. "அல்லாஹ், மிஷின்" என்றார் பாய். ஆள் தொடர்பில் இல்லையென்றால் அவனுக்குப் பதிலாக விளையாட்டே ஆடிவிடுமாம். இத்தனை நாள் என் சந்தேகத்துக்கு ஆளானவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனால் என்னைவிட நன்றாக ஆடினான்.

நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் திரையின் கீழே எழுத்து ஓடியது. கவிதா பாய்க்கு அனுப்பியிருந்தாள்: "பாய், ரோபோ வந்திருச்சு. அங்க மழையா? நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. கடையில கூட்டம்னு சொல்வாரு."

பாய் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுக் கைலி மடிக்கப் போய்விட்டார். நல்ல மனிதர், சிரிப்பை எனக்குத் தெரியாமல் மடித்துக்கொள்ளத்தான் போனார். நான் ஈசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நெட் போன நாளெல்லாம் கவிதாவின் திரையில் அந்த ரோபோ வந்திருக்கிறது. ரங்கத்தில் மழை பெய்கிற ஒவ்வொரு சாயங்காலமும் அருப்புக்கோட்டை மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மறைத்ததையெல்லாம் என் பெயரில் ஆடியவன் ஒன்று விடாமல் போட்டுக்கொடுத்திருக்கிறான்.

வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் மழையிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். இல்ல தெரியாமத்தான் கேக்குறேன், நான் எதுக்கு தினம் அஞ்சரைக்கு லூடோ ஆடுறேன்னு நினைச்சீங்க? கிளாஸ் நேரத்துல அங்க நெட் நிக்குதான்னு பாக்கத்தான்."

"அப்ப பாசமெல்லாம் இல்லையா?"

"இருந்துச்சு. ரோபோ வராத அன்னிக்கு."

ஃபோன் காதைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என்னை உளவு பார்த்தது ஃபோன் இல்லை, பச்சைக் காய். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இங்கே நெட் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போகும். பாயின் கம்பெனி வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் சாவதில்லை. கவிதா பேனாவால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அப்ப அந்தக் கம்பெனி சிம்மையும் உங்க ஃபோன்ல போடுங்க. ஒரு மாசம் ரோபோ வராம ஆடிக் காட்டுங்க. ஜூனுக்கு டிக்கெட் போட்டுக்கலாம்."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும். ஆனால் என் ஃபோனில் இரண்டு சிம்முக்குத்தான் இடம். ஒன்றில் கடை நம்பர். இன்னொன்றில் அருப்புக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கிய ஊர் நம்பர். இரண்டும் ஒரே கம்பெனி. சேர்ந்தே விழும், சேர்ந்தே எழும். அந்த ஊர் நம்பருக்கு இப்போது யாரும் அழைப்பதில்லை. தாமதமான ஓடிபி வரும், எதையாவது வாங்கச் சொல்லிப் பெண் குரல் ஒன்று வரும், கேஸ் ஏஜென்சியா என்று கேட்டு ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை தவறாமல் வருவார். ஆனாலும் வருஷக்கணக்கில் ரீசார்ஜ் செய்து அதை உயிரோடு வைத்திருக்கிறேன். அது இருக்கிறவரை நான் ஊர்க்காரன். இங்கே சும்மா கடை போட்டிருக்கிறேன். கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கும்போது மற்றவர்கள் கரையைப் பார்ப்பார்கள், நான் அந்த இரண்டாவது சிம்மின் சிக்னல் கோடு ஃபோனில் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பேன். மனைவியையும் மகளையும் வீட்டைக் காலி செய்துவிட்டு வரச்சொல்லித் தினமும் கூப்பிட்டவன், திரும்பிப் போகிற வழியை மட்டும் அத்தனை வருஷமாக நகத்தளவு பிளாஸ்டிக்கில் பத்திரமாக வைத்திருந்தேன்.

கடையில் கைக்கெட்டும் தூரத்தில் அதைப் போட்டுவைக்கப் பழைய ஃபோன்கள் குவிந்து கிடக்க, எனக்கு வந்த சாக்கு இதுதான்:

"போடலாம். ஆனா இன்னொரு ஸ்லாட்ல ஊர் சிம்மு இருக்கே."

கவிதா சொன்னாள்: "அதைக் கழட்டுங்க."