மிளகளவு ஓட்டை

சும்மா கிடைக்கிற எதையும் நான் நம்புவதில்லை. பஸ்ஸில் யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால்கூட, சீட்டில் என்ன கொட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அதனால்தான், லோதி ரோடு நடராஜன் போன் செய்து, "மீன் தொட்டி ஒண்ணு இருக்கு சார், சும்மாவே எடுத்துக்கிடுங்க" என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் கொடுக்கிறார்?

நடராஜன் திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு அதிகாரி. போபாலுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருந்தது. டெல்லித் தமிழர்களிடையே இது ஒரு வழக்கம் – டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த செய்தி பரவியதும் கூலர் ஒருவருக்கு, கிரைண்டர் ஒருவருக்கு, துளசிச் செடி ஒருவருக்கு என்று வீடு மெல்லக் காலியாகிவிடும். மீன் தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லையாம்.

ஏன் கேட்கவில்லை?

"ஆசையா வளர்த்த மீனைக் குடுக்கிறார். போய் எடுத்துட்டு வருவீங்களா... அதை விட்டுட்டு சி.பி.ஐ. மாதிரி பேசிக்கிட்டு!" என்றாள் வத்சலா. என் மனைவி. யாரையும் உடனே நம்பிவிடுவாள். என்னைக்கூட நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டாள்.

போனேன். நாலடித் தொட்டி. பழுப்பு உடம்பில் ஆரஞ்சுத் தீற்றலோடு இரண்டு பெரிய ஆஸ்கர் மீன்கள். கண்ணாடியை ஒட்டி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தன. பார்த்ததுமே தெரிந்தது, என் ஜாதி.

தொட்டிக்குக் கீழே, மரக் கதவுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடித் தொட்டி. அதற்குப் பெயர் சம்ப். நம் ஊரில் சம்ப் என்றால் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் பள்ளம். இது வேறு. மேல் தொட்டியில் ததும்பும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இதற்குள் இறங்கும். பஞ்சில் வடிகட்டப்படும். கடைசித் தடுப்பில் உட்கார்ந்திருக்கும் குட்டி மோட்டார், இன்னொரு குழாய் வழியாக அதைத் திரும்ப மேலே அனுப்பும். நாளெல்லாம் இந்தச் சுற்றுதான்.

நான் குனிந்தேன். டார்ச் அடித்தேன். மூலைக்கு மூலை விரலால் தடவினேன். முகர்ந்துகூடப் பார்த்தேன்.

இரண்டு விஷயங்கள் மாட்டின.

ஒன்று – சம்ப் இருக்கவேண்டியதைவிடப் பெரிது. ஆனால் பாதிக்குத்தான் தண்ணீர். மேல் பாதி காலி. முழுக்க ஊற்றினால் எங்கோ ஒழுகும் என்றுதானே அர்த்தம்?

இரண்டு – தண்ணீரை மேலே கொண்டுவந்து தொட்டியின் ஆழத்தில் விடும் குழாயில், மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, ஒரு ஓட்டை. மிளகு அளவு. அதன் வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு சலசலத்தது. ஓட்டைக் குழாய்!

நடராஜன் பக்கத்தில் கைகட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லா பாத்துக்கிடுங்க சார். நான் வச்சிருந்த வரைக்கும் ஒரு சொட்டு தரையில விழுந்ததில்ல."

ஓட்டையைப் பற்றி அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று தெரிந்துவிடாதா? அவரும் உஷாராகி ஏதாவது சமாளித்துவிடுவார். பேசாமல் மனதில் குறித்துக்கொண்டேன். டெம்போ பிடித்து ஜனக்புரிக்குக் கொண்டு வந்தேன்.

எங்கள் ஃபிளாட் முதல் மாடியில். எங்களுக்கு நேர் கீழே மிஸஸ் பாட்டியா. அவர் வீட்டு சீலிங்கில் ஊறும் ஈரத்துக்கு எங்கள் பாத்ரூம்தான் காரணம் என்பது அவர் கட்சி. மழைதான் காரணம் என்பது என் கட்சி. வழக்கு வருஷக்கணக்கில் நிலுவையில் இருக்கிறது.

மாடிப்படியில் தொட்டி ஏறுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பாய் சாஹப், இத்னா பானி? ஊபர்?" என்றார். இவ்வளவு தண்ணீரா, மேலேயா?

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. மகனுக்குப் பெண் பார்த்திருந்தார். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரோக்கா. நம் பக்கத்து வெற்றிலை பாக்கு மாற்றுவது மாதிரி, பஞ்சாபிகள் பெண்ணைப் பேசி முடிக்கும் சடங்கு. பெண் வீட்டார் முதல்முறையாக வருகிறார்கள். அதற்காக ஈரக்கறையெல்லாம் சுரண்டி, பட்டி பார்த்து, ஹாலுக்குப் பளீரென்று பெயின்ட் அடித்திருந்தார்.

"ஏக் பூந்த் பி நஹி கிரேகா" என்று நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். ஒரு சொட்டுகூட விழாது.

அவர் நம்பவில்லை. "அச்சா... தேக்தே ஹைன்" என்றார். பார்க்கலாம்!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நடராஜன் என் தலையில் கட்டிய ஒழுகல் சாமானால் இந்த அம்மாளிடம் தோற்பதா? அதுவும் இந்த வழக்கில்? மீன்களைப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் குடிவைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

சம்ப் எங்கள் இரும்பு ஸ்டாண்டில் அடங்காமல் அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்களின் முழங்காலை எல்லாம் பதம் பார்த்தது. பாதி காலியாகக் கிடக்கிற தொட்டிக்கு இவ்வளவு நீளம் எதற்கு? திலக் நகர் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பிரித்து, அரை அடி குறைத்து, தடுப்புகளை நெருக்கி, புதிதாக ஒட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் "ஹோ ஜாயேகா" என்றார். ஆகிவிடும்! அப்புறம் அந்த மிளகளவு ஓட்டை... அதை நானே பசை வைத்து அடைத்தேன். மேலே ஒரு சுற்று டேப்பும் சுற்றினேன்.

மீன்களை மறுபடி தொட்டியில் விட்டு, மோட்டாரை ஓடவிட்டு, சம்ப்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். தைரியமாக!

தரையெல்லாம் பழைய நியூஸ்பேப்பர் விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எழுந்ததும் பேப்பரைத் தடவினேன். காய்ந்த பேப்பர். ஆபீஸிலிருந்து வந்ததும் தடவினேன். காய்ந்த பேப்பர். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. மாடிப்படியில் மிஸஸ் பாட்டியாவைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயித்த வக்கீல் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

அது பாராளுமன்றத் தேர்தல் நேரம். நல்ல மே மாத வெயில். தெருவெல்லாம் ஜீப், லவுட் ஸ்பீக்கர். கூலர் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, மீன் தொட்டி மோட்டார் ஓடுகிறது... டெல்லியில், மே மாதத்தில், கரண்ட் போகவே இல்லை.

இது எவ்வளவு பெரிய சந்தேகத்துக்குரிய விஷயம்! எனக்கு உறைக்கவே இல்லை.

ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், கரண்ட் போனது.

"வந்துட்டாங்கய்யா பழைய நிலைமைக்கு!" என்று சிரித்தபடி விசிறியைத் தேடினேன். அப்போதுதான் அந்தச் சத்தம். களக்... களக்... களக்...

"என்னங்க, மழையா?" என்றாள் வத்சலா.

எழுந்து நின்றேன். உள்ளங்கால் நனைந்தது.

எமர்ஜென்சி லைட்டைப் போட்டுப் பார்த்தால், சம்ப் நான்கு பக்கமும் பொங்கி வழிகிறது. மோட்டார் நின்றுவிட்டது. அது மேலே தள்ளிக்கொண்டிருந்த அதே குழாய் இப்போது தண்ணீரை மேலிருந்து கீழே உறிஞ்சி இறக்கிக்கொண்டிருக்கிறது. டேங்கரில் டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே சங்கதி. மேலே மீன்களுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வர, இரண்டும் அடியோடு அடியாக ஒண்டிக்கொண்டன. நியூஸ்பேப்பர்கள் ஹாலில் மிதந்தன.

நான் என்ன செய்தேன்? மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லாத மோட்டாரின் பிளக்கை!

வத்சலாதான் ஸ்டூலில் ஏறி, குழாயின் முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். ஒரு கொப்புளம். சத்தம் நின்றது.

அடுத்த சத்தம் கதவில். மெழுகுவர்த்தியோடு மிஸஸ் பாட்டியா. அவர் தலையில் இரண்டு சொட்டு மின்னியது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பாய் சாஹப், இஸ் சண்டே கோ ரோக்கா ஹை..." என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ரோக்கா. எனக்கு வெட்கத்தில் அந்தத் தண்ணீரிலேயே மூழ்கிவிடலாம் போல இருந்தது. வீட்டிலிருந்த பெட்ஷீட், துண்டு, வத்சலாவின் பழைய புடவை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கீழே ஓடினேன். இரண்டு குடும்பமும் சேர்ந்து பிழிந்தோம்.

அதோடு முடிந்ததா? மறுநாள் போபாலுக்கு எஸ்.டி.டி. போட்டேன். கோபத்தோடுதான். நான் பேச ஆரம்பிப்பதற்குள் நடராஜன் கேட்டார்: "குழாய்ல ஒரு ஓட்டை இருந்துச்சே சார், அதை என்ன செஞ்சீங்க?"

"அடைச்சுட்டேன்."



"அது நான் போட்டது சார். கரண்ட் போனா தண்ணி கொஞ்சம் இறங்கும். இறங்கி ஓட்டைக்கு வந்ததும் காத்து உள்ள போயிரும், உறிஞ்சறது நின்னுரும். அந்தக் கொஞ்சத் தண்ணி இறங்கத்தான் சம்ப்ல பாதி காலியா வைக்கது."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே! டார்ச் அடிச்சு, தடவிப் பாத்து, மோந்து பாத்து... நமக்கு மேல விஷயம் தெரிஞ்சவரு, இவருக்குப் போயி சொல்லுதது மரியாதை இல்லைன்னுல்லா நெனச்சேன்?"

சந்தேகப்படுகிறவனைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவன் மாதிரியே இருக்கிறது. அதுதான் வம்பு. சந்தேகம் என்பது வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்காக வருவது. நான் கேள்வியை விழுங்கிவிட்டு, சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். நடராஜனைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், ஓட்டையைச் சந்தேகப்பட்டேன். டெல்லியில் குடியிருந்துகொண்டு கரண்டை மட்டும் முழுசாக நம்பியிருக்கிறேன்!

பழைய நீளத்துக்கே புது சம்ப் செய்து மாட்டினேன். முழங்காலில் இடித்தால் இடிக்கட்டும். குழாயில் ஆணியைக் காய்ச்சி, அதே மிளகளவுக்கு ஓட்டை போட்டேன். அப்புறம் மெயின் ஸ்விட்சை நானே அணைத்து, நின்று பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது. நின்றது.

ரோக்கா நல்லபடியாக நடந்தது. சீலிங்கில் வந்த புதுக் கறையை மறைத்து சாமந்தித் தோரணம் கட்டியிருந்தார்கள். பெண் வீட்டார் தோரணத்தைப் புகழ்ந்தார்கள். மிஸஸ் பாட்டியா எங்களையும் அழைத்திருந்தார். உட்காரச் சொன்ன நாற்காலி, அந்தக் கறைக்கு நேர் கீழே. தற்செயல் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

அதற்குப் பிறகு கரண்ட் போனதும் எங்கள் கதவு தட்டப்படும். மிஸஸ் பாட்டியா டார்ச்சோடு வருவார். ஸ்டாண்டுக்கு அடியில் கைவிட்டுத் தரையைத் தடவுவார். குழாயைக் காட்டி ஏதாவது கேட்பார், நான் சொல்வேன். "டீக் ஹை", சரி, என்று இறங்கிப் போவார்.

நேற்றும் கதவு தட்டப்பட்டது. எழுந்துபோய்த் திறந்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. "கரண்ட் இருக்கிறதே!" என்றேன்.

"வஹீ தோ, பாய் சாஹப்" என்றார் குரலைத் தாழ்த்தி. அதுதானே! "ஒரு வாரமாகப் போகவே இல்லை. என்ன விஷயம்?"