பேசும் பாட்டுப்பெட்டியோடு ஊர் ஊராக

பொருளை விற்பது சுலபம், பழக்கிக் கொடுப்பதுதான் ஆளைக் கொல்லும் என்று வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனையாளர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பழக்குவது பார்வையில்லாதவர்களுக்கான பாட்டுப்பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், திரை கிடையாது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது என்ன பட்டன் என்று வாய்விட்டுச் சொல்லும். பாட்டு, பாடம், ரேடியோ எல்லாம் அதிலேயே. எனக்கும் பார்வை இல்லை என்பதால் கடலூர், சிதம்பரம் பக்கமெல்லாம் ஒரு தொண்டு நிறுவனம் என்னைத்தான் அனுப்புகிறது.

டிக்கெட் எடுக்காத பயணி

காட்டுமன்னார்கோயிலில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய புதுப் பெட்டி. பஸ் ஊருக்குள் நுழையும்போது கைப்பையைத் தடவினால் ஜிப் திறந்திருக்கிறது, பெட்டி இல்லை! கண்டக்டரைக் கூப்பிட்டேன். அவர் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா” என்றார். சட்டென்று ஒன்று தோன்றியது. “சார், அது மணிக்கொரு தடவை நேரம் சொல்லும். பத்தாகப் போவுது. கொஞ்சம் வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

டிரைவர் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார், பாட்டையும் நிறுத்தினார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. “மணி பத்து” என்று ஒரு பெண்குரல், என் காலடியில் இருந்த கீரைக்கூடைக்குள்ளிருந்து! குலுங்கலில் பையிலிருந்து நழுவி அதில் விழுந்திருக்கிறது. கூடைக்காரம்மா அலறியடித்து எழுந்தார். கண்டக்டர் மட்டும் அசரவில்லை: “மணி சொன்னவங்க யாரும்மா? டிக்கெட்டே எடுக்கலையே!”

உளறுகிற மெஷின்

செல்வம் சிதம்பரத்தில் பி.ஏ. படிக்கிற, பார்வையில்லாத பையன். நண்பர்கள் வாசித்துப் பதிவு செய்த பாடங்களைப் பெட்டியில் மூன்று மடங்கு வேகத்தில் கேட்பான். எங்களில் பலருக்கு அது பழக்கம்தான். அவன் அம்மாவுக்கோ அது வெறும் உளறலாகக் கேட்டிருக்கிறது. பையன் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியை செல்போன் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரரும் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, புதுசுபோல ஆக்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் பரீட்சை. “ஒரு பாடமும் இல்லக்கா” என்று செல்வம் போனில் அழுதான்.

ஓடினேன். பெட்டியின் பக்கவாட்டைத் தடவினால் மெமரி கார்டு போடும் இடம் காலி. “கடைக்காரர் சின்னதா எதுனா குடுத்தாராம்மா?” என்று கேட்டேன். “நகம் சைஸுல ஒண்ணு குடுத்தாரு. முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்.” பாடம் அத்தனையும் அந்த நகத்தில்தான் இருந்தது! கடையில் அழித்ததில் வேகமும் பழையபடி ஆகியிருந்ததால், கார்டைப் போட்டதும் பெட்டி நிதானமாக, வார்த்தை வார்த்தையாக வாசிக்க ஆரம்பித்தது. செல்வம் பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா விடவில்லை: “மொதல்லயே இப்பிடி மனுஷங்க மாதிரி பேசியிருந்தா நான் ஏன் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்?”

திருவந்திபுரத்திலிருந்து ஒரு போன்

கரும்பு லாரி ஓட்டியவர் அவர். சர்க்கரை நோயில் பார்வை போனதிலிருந்து கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. சோறுகூட அரைகுறைதான். அவர் மனைவி கூப்பிட்டுத்தான் போனேன். பெட்டியைக் கையில் வைத்ததும், “பாட்டு கேக்குற நெலமையிலயா இருக்கேன்?” என்று கட்டிலில் எறிந்தார். நான் வாதாடவில்லை. “எனக்கும் கண்ணு பாதியிலதான் போச்சு அண்ணே. நடுப்பட்டன்ல ஒரு புள்ளி இருக்கும், தடவிப் பாருங்க. மத்தது தானா வரும்” என்று சொல்லி, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று வழியெல்லாம் உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், அந்த அக்காவிடமிருந்து போன். எடுத்தால் தேம்பல். “என்னாச்சுக்கா? அண்ணன் எங்க?” என்றேன். காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டாராம். அங்கே யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் பட்டனைத் தடவித் தேடிப் போடுகிறாராம். ஆள் அனுப்பியும் சாப்பிட வரவில்லையாம். சொல்லிக்கொண்டே அக்கா சிரித்தார், அழுதார்: “ஊட்டுலயே கெடக்குறாருன்னு அழுதேன். இப்ப ஊட்டுக்கே வரமாட்டேங்குறாரு மேடம்!”

ஆக, பாதி நாள் பதறுவதற்கும் மீதி நாள் அந்தப் பதற்றம் வீண் என்று தெரிந்துகொள்வதற்கும்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.