மறியலைத் தாண்டிய ஃபிளாஸ்க்

ஜெயசீலி போய்விட்டாராம்.

காலையில் பழைய ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ். கீழே வரிசையாக எல்லோரும் அழுதிருக்கிறார்கள். நான் செத்தால் இத்தனை பேர் அழுவார்களா என்றுதான் முதலில் தோன்றியது... அசிங்கம்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரே நாளில் லேப் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்கு முதுகுத் தண்டில் நீர் எடுத்ததும் டாக்டர், "ஜெயசீலியக் கூப்புடு" என்பார். நானும் அதே அறையில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

கொசுவால் வந்த காய்ச்சலா என்று அந்த நீரில் ஆன்டிபாடி பார்க்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்றும் எழுத வேண்டும். சீக்கிரமே எடுத்துவிட்டால் ஆன்டிபாடி தெரியாது.

நான் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதுவேன். ஜெயசீலி குழந்தைகளின் அம்மாக்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "களை எடுக்கப் போனியே, அன்னிக்கே சுட்டுச்சா, மறுநாளா?"

அவர் சொல்லும் நாள்தான் சரியாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம் அது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். வடக்கனந்தல் குழந்தை ஒன்றின் முதுகு நீர் டியூப் லேபுக்குப் போயாக வேண்டும். ரிப்போர்ட் வந்தால்தான் ஊரில் கொசு மருந்து அடிப்பார்கள். அங்கே இன்னும் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல்.

"மறியல்ல நிக்கிறது நம்ம ஆளுங்கதான் சார், நான் போறேன்" என்று டாக்டர் முன்னால் பெருமையடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

தியாகதுருகம் தாண்டவில்லை. ஐடி கார்டைக் காட்டினேன். அரசாங்க வேலை, அவசரம் என்றேன். என் ஊர், அப்பா பெயர் எல்லாம் சொன்னேன்.

"யாரா இருந்தா இன்னா? திரும்பிப் போங்க."

மதியம் பாதி உருகிய ஐஸோடு வந்து நின்றேன். ஜெயசீலி ஃபிளாஸ்க்கை வாங்கினார். ஐஸை மாற்றிக்கொண்டு அதே ஜீப்பில் ஏறினார். நானும் ஏறினேன்.

அவரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்... ஃபிளாஸ்க் அவர் மடியில் இருக்கும்போதே.

அதே இடம், அதே ஆட்கள். அவர் இறங்கிப் போனார்.

"செல்விக்கு நாலு வயசுண்ணே. ஆறு நாளா ஜுரம், ரெண்டு நாளா கண்ணே தொறக்கல. இது கெட்டுப் போறதுக்குள்ள கொண்டு போவணும்."

காலையில் என்னை விரட்டிய ஆளே ஃபிளாஸ்க்கை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். "பாத்து ஏறி வாம்மா." ஒரு சைக்கிளும் வந்தது. மறியலுக்கு மறியல் ஆள் மாறி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட் பாசிட்டிவ். ஊரில் மருந்து அடித்தார்கள். செல்வி பிழைத்தாள், ஒரு கை மட்டும் சரியாக வரவில்லை. எல்லோரும் ஜெயசீலியைத்தான் பேசினார்கள்.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. சைக்கிள் கிளம்பிய பிறகு அந்த ஆள் என்னிடம் வந்தார்.

"காலைல கார்டக் காட்டிக்கினு நின்னீங்களே சார், புள்ளைக்குன்னு சொல்லியிருந்தா அப்பவே வுட்ருப்போம்ல. பேரு கூட சொல்லல நீங்க."

எனக்குப் பெயர் தெரியாது. டியூப் மேல் ஒட்டியிருந்த நம்பர்தான் தெரியும்.

போய் வாங்க ஜெயசீலி. பொறாமை இன்னும் போகவில்லை.